தலைமாட்டில் ஒரு சரித்திரம்

இரவு உணவு முடிந்து, வாசற்கதவைத் தாழிட்டு, வீட்டின் மற்ற விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தபின், தலைமாட்டு விளக்கு ஒன்றை மட்டும் விட்டுவைத்துப் படுக்கையில் சாய்ந்து புத்தகத்தைத் திறக்கிறோமே, அந்தக் கணத்தின் இன்பத்தைப் பற்றி நம் இலக்கிய அன்பர்கள் அதிகம் எழுதியதில்லை. நாற்காலியில் அமர்ந்து படிப்பதைப் படிப்பு என்கிறோம். படுத்துக்கொண்டு படிப்பதைச் சோம்பல் என்கிறோம். ஆயினும் நம்மில் பெரும்பாலோர் உண்மையிலேயே விரும்பிப் படித்த புத்தகங்கள் எவை என்று எண்ணிப் பார்த்தால், அவற்றில் பாதியாவது தலையணையின் துணையோடு படித்தவையாகத்தான் இருக்கும்.

எல்லா நல்ல நூல்களும் தலைமாட்டுக்கு உகந்தவை அல்ல. விறுவிறுப்பான நாவல் தூக்கத்தைக் கெடுக்கும். ஆய்வு நூலோ இரண்டாம் பக்கத்திலேயே தூக்கத்தைக் கொண்டுவந்துவிடும். தலைமாட்டில் நிலைத்து இருக்கவேண்டிய புத்தகத்திற்கு வேறு சில இலக்கணங்கள் உண்டு. எந்தப் பக்கத்தில் திறந்தாலும் உள்ளே நுழைய வாசல் இருக்கவேண்டும். ஓர் இரவில் படிக்கும் பகுதி தன்னளவில் நிறைவாக இருக்கவேண்டும். முன்பே பலமுறை படித்ததாயினும் மறுபடி படிக்கத் தோன்றவேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, அதில் பேசும் குரல் நாம் விரும்பும் ஒரு பெரியவரின் குரலாக இருக்கவேண்டும். இந்த இலக்கணங்கள் எல்லாம் பொருந்திய ஒரு நூலாகப் பல ஆண்டுகளாக எங்கள் வீட்டுத் தலைமாட்டில் இருந்து வருவது டாக்டர் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. தலையணைப் பருமன் என்று பெரிய புத்தகங்களைக் கேலியாகச் சொல்வதுண்டு. இந்தப் புத்தகத்தைப் பொறுத்தவரை அது கேலி அல்ல. கைதவறி மூக்கின்மேல் விழுந்த அனுபவம் உள்ளவர்களுக்கு அதன் கனம் நன்றாகத் தெரியும்.

ஆனால் இந்த நூலைப் படுத்துக்கொண்டு படிக்கும்போதெல்லாம் நமக்குச் சிறிது கூச்சமும் ஏற்படுவதுண்டு. காரணம், அதில் வருகிற மனிதர்களில் எவரும் படுத்துக்கொண்டு படித்தவர்கள் அல்லர். படித்திருக்கவும் முடியாது.

ஏட்டுச்சுவடியைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஒரு முழத்திற்குச் சற்று ஏறவோ குறையவோ நீளமும், மூன்று நான்கு விரற்கடை அகலமும் உள்ள பனையோலைகள். துளையிட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டிய கட்டு. கட்டை அவிழ்த்து, ஓலைகளைத் தளர்த்தி, ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் படிக்க இரண்டு கைகளும் வேண்டும். எழுத்தாணியால் கீறிய எழுத்து ஓலையின் நிறமாகவே இருக்குமாதலால் கரியும் இலைச்சாறும் கலந்த மையைத் தடவினால்தான் கண்ணுக்குத் துலங்கும். அதிலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். செய்யுளாயினும் அடி பிரித்து எழுதும் வழக்கம் இல்லை. பொருள் தெரிந்தால்தான் எழுத்துப் புரியும், எழுத்துப் புரிந்தால்தான் பொருள் தெரியும் என்ற நிலை. பழுத்த ஓலையின் ஓரம் கை பட்டாலே ஒடியும். இத்தகைய பொருளை எண்ணெய் விளக்கின் முன் மல்லாந்து படுத்துக்கொண்டு எவர் படிக்க முடியும்?

கருவி இடம்கொடுக்கவில்லை என்பது ஒரு புறம் இருக்க, மரபும் இடம்கொடுக்கவில்லை. பாடம் கேட்கும் மாணவன் எப்படி ஒழுகவேண்டும் என்பதை நன்னூலின் பொதுப்பாயிரம் விரிவாகச் சொல்கிறது. இருக்கச் சொன்னபின் இருக்கவேண்டும், சொல்லச் சொன்னபின் சொல்லவேண்டும், போகச் சொன்னபின்தான் போகவேண்டும். அதில் கண்ணுக்குப் பெரிய வேலை இல்லை; செவிக்குத்தான் வேலை. படிப்பு என்பது அன்று ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்பது. திண்ணையில் பாரதம் வாசிப்பவரும், கோயில் மண்டபத்தில் புராணம் படித்துப் பொருள் சொல்பவரும், மடத்தில் பாடம் நடத்தும் ஆசிரியரும் எல்லாருமே குரல்விட்டுப் படித்தவர்கள். தனியே, மௌனமாக, தனக்காக மட்டும் படிப்பது என்பது வழக்கில் அரிதாகவே இருந்திருக்கவேண்டும்.

அச்சு வந்தவுடனேயே இந்நிலை மாறிவிடவில்லை. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது முதல் நெடுங்காலம் தமிழ் அச்சு பெரும்பாலும் சமயப் பணியாளர்களின் கையிலும் அரசாங்கத்தின் கையிலும் இருந்தது. 1835இல் அச்சுச் சட்டம் தளர்ந்தபின்பே நம்மவர்கள் பரவலாக அச்சுக்கூடம் வைத்து நடத்தலாயினர். அப்போதும் மலிவாக விற்ற பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களை ஒருவர் இராகம் போட்டு வாசிக்க வீடே சூழ்ந்திருந்து கேட்பதுதான் வழக்கம். தனித்து மௌனமாகப் படிக்கும் வாசகனை உருவாக்கியதில் உரைநடைக் கதைக்கும் நாவலுக்கும் பெரும் பங்கு உண்டு. 1879இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சாகியது. 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் 'கமலாம்பாள் சரித்திரம்' தொடராக வந்தது. வாய்விட்டுக் கூட்டாகப் படிப்பதிலிருந்து வாய்மூடித் தனியே படிப்பதற்குத் தமிழர்கள் நகர்ந்த கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' என்ற நூலில் ஆராய்ந்திருக்கிறார். இந்த நகர்வின் இறுதிப் படி என்று படுக்கையறை வாசிப்பைச் சொல்லலாம் என்பது நம் எண்ணம். கையில் அடங்கும் கட்டடமிட்ட புத்தகம், கண்ணாடிக் கூண்டுக்குள் அசையாமல் எரியும் மண்ணெண்ணெய் விளக்கு, பின்னர் மின்விளக்கு, தனக்கென்று ஒரு மூலை: இத்தனையும் கூடிவந்தபின்தான் இந்தச் சிறிய இன்பம் சாத்தியமாயிற்று. "எண்ணெய் வீணாகிறது, விளக்கை அணை" என்று அதட்டாத பெரியவர்கள் இருந்த வீடுகள் அன்று எத்தனை இருந்திருக்கும்!

சாமிநாதையரின் வாழ்க்கை இந்த இரண்டு உலகங்களுக்கும் குறுக்கே நீண்டு கிடக்கிறது. 1855இல் பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தில் பிறந்தபோது அவரைச் சூழ்ந்திருந்தது ஏட்டு உலகம். 1942இல் அவர் மறைந்தபோது தமிழ்நாட்டில் வாரப் பத்திரிகை வாசகர்கள் ஆயிரக்கணக்கில் பெருகியிருந்தார்கள். 'என் சரித்திரம்' பிறந்ததே அந்த வாசகர்களுக்காகத்தான். 1940ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 'ஆனந்த விகட'னில் வாரந்தோறும் வெளிவரத் தொடங்கியது. அப்போது ஐயருக்கு எண்பத்தைந்து வயது நெருங்கிக்கொண்டிருந்தது. மாணவர் கி. வா. ஜகந்நாதன் உடனிருந்து உதவினார். நூற்றிருபத்திரண்டு அத்தியாயங்கள் வந்தன. புத்தகமாக வெளிவந்தது 1950இல்.

வாரப் பத்திரிகைக்கென்று எழுதப்பட்டதனால் ஒவ்வோர் அத்தியாயமும் ஏறக்குறைய ஒரே அளவாக அமைந்துவிட்டது. ஒரு சம்பவம், ஓரிரு மனிதர்கள், கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் ஏக்கம். அதற்குள் அந்த வாரத்துப் பங்கு முடிந்துவிடும். அன்றைய வாசகர்களுக்கு ஒரு வாரத்துக்குப் போதுமாயிருந்த அளவு இன்றைய நமக்கு ஓர் இரவுக்குச் சரியாக இருக்கிறது. தலைமாட்டுப் புத்தகமாக இது அமைந்ததன் இரகசியங்களில் இது ஒன்று.

மற்றோர் இரகசியம், இது முழுக்க முழுக்கப் புத்தகத்துக்காக ஏங்கிய ஒருவரின் கதை என்பது. இளமையில் தமிழ் படிக்க அவர் பட்டபாடு கொஞ்சமன்று. அரியிலூரில் சடகோபையங்காரிடம் தமிழின் சுவையை அறிந்தார். நன்னூலுக்குக் கார்குடி கஸ்தூரி ஐயங்காரைத் தேடிப் போகவேண்டியிருந்தது. யாப்பருங்கலக் காரிகைக்குச் செங்கணம் விருத்தாசல ரெட்டியாரை அண்டவேண்டியிருந்தது. ஒரு நூலைக் கற்க ஓர் ஊர், அடுத்த நூலைக் கற்க வேறோர் ஊர். மகனின் தமிழ்ப் பசிக்காகத் தந்தை குடும்பத்தையே ஊர் ஊராக நகர்த்திக்கொண்டிருந்தார். 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தபோதுதான் அந்த அலைச்சல் ஒரு நிலைக்கு வந்தது. பட்டீச்சுரத்தில் ஆசிரியருடன் தங்கியிருந்த நாட்களில் படித்துக்கொண்டிருந்த புத்தகம் காணாமற்போக, அதைப் பெறுவதற்காக ஆறுமுகத்தா பிள்ளையை விளித்து ஒரு பாட்டே பாடவேண்டிவந்த கதை இன்றும் நம்மைச் சிரிக்க வைக்கும். ஒரு புத்தகம் தொலைந்தால் கடையில் வேறொன்று வாங்கிக்கொள்ள முடியாத காலம் அது என்பது, சிரித்து முடித்தபின்தான் உறைக்கும்.

1880ஆம் ஆண்டு அக்டோபர் 21, ஒரு வியாழக்கிழமை. கும்பகோணம் கல்லூரியில் அவர் தமிழாசிரியராகச் சேர்ந்த ஆண்டு. அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார் முதலியார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என்று ஐயர் அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் முகத்தில் வியப்பே இல்லை. இவற்றைப் படித்து என்ன பயன் என்கிறார். சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் இவற்றைப் பார்த்ததுண்டா என்கிறார். ஐயர் பார்த்ததில்லை. அவர் ஆசிரியரும் படித்ததில்லை. தமிழைக் கரைத்துக் குடித்ததாக எண்ணியிருந்த இருபத்தைந்து வயது ஆசிரியர் ஒருவர், தாம் அறியாத ஒரு பெருநிலம் தம் காலடியிலேயே புதைந்துகிடப்பதை அன்றுதான் உணர்கிறார். அந்தச் சந்திப்பின் பலனாக 1887இல் சிந்தாமணிப் பதிப்பு வந்தது. தொடர்ந்து 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. இன்று பள்ளிப் பிள்ளைகள்கூட அறிந்த இந்தப் பெயர்களை ஒரு தமிழாசிரியர் முதன்முதலாகக் கேட்டுத் திகைத்த நாள் என்று ஒன்று இருந்தது என்பதே நமக்குப் பெரிய செய்தி அல்லவா?

பத்துப்பாட்டுச் சுவடி தேடித் தென்பாண்டி நாட்டுக்குப் போன அத்தியாயங்களை இரவில் படிப்பதில் ஒரு தனிச் சுவை இருக்கிறது. ஆழ்வார்திருநகரியில் திருவிழாக் காலம். பல வீடுகளில் தேடியும் கிடைக்காத சுவடி ஓர் இரவு இலட்சுமண கவிராயர் மூலம் கைக்கு வந்துசேர்கிறது. விளக்கு வரும்வரை பொறுக்க மனம் இல்லை. நிலா வெளிச்சத்திலேயே கட்டை அவிழ்த்துப் பார்க்கிறார். 'முல்லைப்பாட்டு' என்ற பெயர் கண்ணில் படுகிறது. நிலவொளியில் ஏட்டெழுத்தைக் கண்டுகொண்ட அந்தக் கண்களை நினைக்கும்போது, தலைமாட்டில் நாம் ஏற்றிவைத்திருக்கும் விளக்கு அளவுக்கு மீறிய ஆடம்பரமாகத் தோன்றும்.

எல்லாத் தேடலும் அப்படி இனிதாக முடியவில்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகள் நிறைய இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போகிறார். சிதைந்த ஏடுகளை என்ன செய்வதென்று தெரியாமல், ஆகமத்தில் சொல்லியிருக்கிறது என்று நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாக அங்கே சொல்கிறார்கள். தீயவர்கள் கொளுத்தவில்லை, பக்தி உள்ளவர்கள் முறைப்படி வழியனுப்பி வைத்தார்கள். அந்த ஏடுகளில் என்ன இருந்தது என்பது இனி எவருக்கும் தெரியப்போவதில்லை. இந்தப் பக்கத்தைப் படித்த இரவுகளில் எளிதில் தூக்கம் வருவதில்லை. தலைமாட்டுப் புத்தகம் தூக்கத்தைத் தரவேண்டும் என்று முதலில் சொன்னோம். அந்த விதிக்கு இந்தப் பக்கம் விலக்கு.

இனி எங்கள் வீட்டுப் பிரதியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். அது எங்கள் தந்தையார் வாங்கியது. பள்ளி ஆசிரியராக இருந்தவர். கும்பகோணத்துப் பக்கம் அரசலாற்றங்கரையில் வளர்ந்தவர். அவருடைய மற்றப் புத்தகங்கள் எல்லாம் கூடத்து அலமாரியில் இருக்க, இது ஒன்று மட்டும் கட்டிலை ஒட்டிய முக்காலியின்மேல் இருக்கும். படுத்தவுடன் எடுப்பார், ஏதோ ஒரு பக்கத்தைத் திறப்பார், கால்மணி நேரம் படிப்பார். சில சமயம் தனக்குள் சிரித்துக்கொள்வார். பிறகு விளக்கு அணையும். எங்கள் சிறுவயதில் இரவு என்பதற்கு அடையாளமே அந்தச் சிரிப்பும் அதைத் தொடரும் இருட்டும்தான்.

2003ஆம் ஆண்டில் கண் அழுத்த நோய் அவர் பார்வையைப் பெரும்பாலும் கொண்டுபோய்விட்டது. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காத்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவர் ஒன்றும் பேசவில்லை. இரவில் வழக்கம்போல விளக்கை ஏற்றினார், புத்தகத்தை எடுத்தார், பிரித்து மார்பின்மேல் வைத்துக்கொண்டார். சற்று நேரம் கழித்து ஒரு பக்கத்தைப் புரட்டினார். மறுபடி சற்று நேரம். மறுபடி ஒரு பக்கம். எழுத்து அவருக்குத் தெரியவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இப்படி ஒரு வாரம் போயிற்று. எட்டாம் நாள் எங்கள் தாயார் எங்களை அழைத்து, "நீங்கள் யாராவது அவருக்குப் படித்துக் காட்டக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து பிள்ளைகள் மூவரும் முறைவைத்துப் படித்தோம். ஓர் இரவுக்கு ஓர் அத்தியாயம். முதலில் எங்களுக்கு வெட்கமாக இருந்தது. பள்ளிக்கூடத்தை விட்டபின் வாய்விட்டுப் படித்ததே இல்லை. எங்கே நிறுத்துவது, எங்கே மூச்சு வாங்குவது என்று தெரியவில்லை. தந்தையார் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஊர்ப் பெயரைத் தவறாகச் சொன்னால் திருத்துவார். அந்த ஊருக்கு எந்த வழியாகப் போகவேண்டும், எந்த வாய்க்கால் குறுக்கிடும் என்பதையும் சேர்த்துச் சொல்வார். ஒருநாள் தம்பிக்கு அவசர வேலை. நடுவில் ஒரு பத்தியைத் தாண்டிப் படித்தான். தூங்கிவிட்டார் என்று நாங்கள் எண்ணியிருந்தவர், கண்ணைத் திறக்காமலே, "ஒரு பத்தியை விட்டுவிட்டாயே, தம்பி" என்றார். அதற்குப்பின் எவரும் எதையும் விட்டதில்லை.

அப்போதுதான் எங்களுக்கு ஒன்று விளங்கிற்று. மௌனமாகப் பலமுறை படித்த அதே பக்கங்கள் வாய்விட்டுப் படிக்கும்போது வேறாக ஒலித்தன. ஐயரின் வாக்கியங்கள் சிறியவை, மூச்சுக்கு அடங்கியவை. உரையாடல்கள் உரையாடல்களாகவே நிற்கும். கேட்பவர் எதிரே இருக்கிறார் என்ற நினைவு ஒவ்வொரு பத்தியிலும் இருக்கும். வியப்பதற்கில்லை. அவர் பாடம் கேட்டு வளர்ந்தவர்; பாடம் சொல்லி வாழ்ந்தவர்; ஆசிரியர் செய்யுள் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதிப் பழகியவர். செவியால் கற்ற ஒருவர், கண்ணால் படிக்கும் தலைமுறைக்காக எழுதிய நூல் இது. அச்சு, விளக்கு, தனியறை என்று இத்தனை படிகளைக் கடந்து நாம் அடைந்த படுக்கையறை வாசிப்பு, எங்கள் வீட்டில் மறுபடி தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து நின்றது. ஒருவர் படிக்க, ஒருவர் கேட்டார். அதனால் எதுவும் குறைந்துவிடவில்லை.

ஓர் அத்தியாயத்தை மட்டும் தந்தையார் எங்களைப் படிக்க விடவில்லை. வரிசையாகப் படித்துக்கொண்டு அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம், "அது கிடக்கட்டும், அடுத்ததற்குப் போ" என்பார். புத்தகத்தை மூன்று முறை முதலிலிருந்து படித்தோம். மூன்று முறையும் அப்படியே. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. 2006இல் அவர் மறைந்தார். ஓராண்டு கழிந்தபின் ஓர் இரவில் அந்த அத்தியாயத்தை நாங்களே எடுத்துப் படித்தோம்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் இறுதியைச் சொல்லும் அத்தியாயம் அது. 1876ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி, செவ்வாய்க்கிழமை இரவு, திருவாவடுதுறை. தலபுராணங்களையும் பிள்ளைத்தமிழ்களையும் அந்தாதிகளையும் அருவிபோலப் பாடிக் குவித்த அந்தப் பெரும்புலவர் பேச்சு ஓய்ந்து கிடக்கிறார். சவேரிநாத பிள்ளை என்னும் கிறிஸ்தவ மாணவர் அவரைத் தம் மார்பில் சாய்த்துத் தாங்கிக்கொண்டிருக்கிறார். திருவாசகத்தைப் படிக்கவேண்டும் என்ற ஆசிரியரின் குறிப்பை அறிந்து, இருபத்தொரு வயதும் நிரம்பாத சாமிநாதையர் அருகிலிருந்து அடைக்கலப்பத்தைப் படிக்கிறார். படித்துக்கொண்டிருக்கையில் அவர் உயிர் பிரிகிறது. ஐந்தாண்டுக் காலம் ஆசிரியர் சொல்ல மாணவர் கேட்டார். அன்று மாணவர் சொல்ல ஆசிரியர் கேட்டார்.

தந்தையார் அந்தப் பக்கங்களை ஏன் தவிர்த்தார் என்பதை நாங்கள் அறிந்ததாகச் சொல்லமாட்டோம். எங்களை அந்த நிலையில் வைத்துப் பார்க்க அவர் விரும்பவில்லையா, அல்லது தம்மை வைத்துப் பார்க்க விரும்பவில்லையா? ஒன்று மட்டும் தெரிகிறது. படுக்கையில் வாசிப்பதைப் பற்றி நம் உரைநடையில் இதைவிடப் பெரிய பக்கம் ஒன்றை நாங்கள் கண்டதில்லை. படுத்திருப்பவர் படிக்கவில்லை. படிப்பவர் படுத்திருக்கவில்லை. ஆயினும் புத்தகம் ஒன்று தலைமாட்டில் செய்யக்கூடிய காரியத்தின் உச்சம் அதுதான். தனிமையில் படித்து இன்புறுவது அதன் ஒரு சிறு பகுதி.

'என் சரித்திரம்' முடிவடையாத நூல். இரண்டாம் உலகப்போரின்போது சென்னை மக்கள் குண்டுவீச்சுக்கு அஞ்சி வெளியூர்களுக்குக் கலைந்த சமயத்தில், ஐயரும் தாம் நெடுநாள் வாழ்ந்த திருவல்லிக்கேணி வீட்டை விட்டுத் திருக்கழுக்குன்றத்துக்குப் போய்த் தங்கினார். அங்கேயே 1942 ஏப்ரல் 28ஆம் தேதி காலமானார். கதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளைத் தொடும் இடத்தில் நின்றுவிட்டது. 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தது, 1906இல் மகாமகோபாத்தியாயப் பட்டம் பெற்றது, 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்தது, 1937இல் குறுந்தொகையைப் பதிப்பித்தது, எதையும் அவர் வாயால் நாம் கேட்க முடியவில்லை. மற்றொரு நூலாக இருந்தால் இது குறை. தலைமாட்டுப் புத்தகத்திற்கு இது குறையாகத் தோன்றவில்லை. கடைசிப் பக்கம் வரும்போது கதை முடிந்தது என்ற எண்ணம் ஏற்படுவதில்லை. பேசிக்கொண்டிருந்த பெரியவர் நடுவில் சற்றுக் கண்ணயர்ந்துவிட்டார் என்றே தோன்றுகிறது. மறுநாள் இரவு முதல் அத்தியாயத்தைத் திறந்தால் அவர் மீண்டும் தம் ஊரைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்.

அவர் சேர்த்துவைத்த ஏடுகள் 1943இல் அவர் பெயரால் அமைந்த நூல்நிலையத்திற்குச் சேர்ந்தன. 'என் சரித்திர'த்தை இன்று மதுரைத் திட்டத்தின் வழியாக எவரும் இணையத்தில் விலையின்றிப் படிக்கலாம். கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம். விளக்கும் வேண்டாம், திரையே விளக்கு. ஊர் ஊராக ஒரு நூலுக்கு நடந்தவரின் கதை, படுத்த இடத்திலேயே விரல் நுனிக்கு வந்துவிட்டது. இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. அவர் இருந்தால் மகிழ்ந்திருப்பார்.

ஆயினும் எங்கள் வீட்டுப் பழைய பிரதி இன்னும் அதே முக்காலியின்மேல் இருக்கிறது. அட்டை பெயர்ந்து இரண்டு முறை கட்டடம் செய்தாயிற்று. சில இரவுகளில் எங்களில் ஒருவர் அதை எடுத்து, அருகில் இருப்பவருக்குக் கேட்கும் அளவுக்கு வாய்விட்டுப் படிக்கிறோம். வீட்டில் சிறு பிள்ளைகள் பாதியில் தூங்கிவிடுகிறார்கள். தூங்கிவிட்டார்களே என்று ஒரு பத்தியையும் தாண்டிப் போவதில்லை. கண்ணை மூடியிருப்பவர்கள் எல்லாரும் தூங்குபவர்கள் அல்லர் என்பது எங்களுக்குத் தெரியும்.